லண்டன் சதுர மைலில் ஒரு பழைய புரோநோட்டு

லண்டனுக்குப் போகிறவர்கள் முதலில் பிக் பென், அப்புறம் அரண்மனை வாசல் என்று சுற்றுவார்கள். நான் ஈரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கடைவீதியைப் பார்த்தால்தான் மனசு ஆறும். அதனால் வந்து இறங்கிய மறுநாளே பாதாள ரயில் பிடித்து 'பேங்க்' நிலையத்தில் இறங்கினேன். படியேறி மேலே வந்தால் தெருவில் ஈ, காக்கா இல்லை. சாண்ட்விச் கடைகளில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

லண்டனுக்குள் 'சிட்டி' என்று இன்னொரு லண்டன் இருக்கிறது. ஒரு சதுர மைலுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் பரப்பு. அதற்குத் தனி மேயர், தனி போலீஸ். எல்லையில் காவலுக்கு வெள்ளி நிற டிராகன் சிலைகள். 2021 கணக்கெடுப்பின்படி இங்கே குடியிருப்பவர்கள் சுமார் 8,600 பேர். வேலைக்கு வந்து போகிறவர்களோ 6 லட்சத்துக்கும் மேல். வங்கி, காப்பீடு, பங்கு, வக்கீல் அலுவலகம் எல்லாம் இந்தச் சின்ன இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. வார நாளில் போனால் தெருவில் நடக்க முடியாது. ஞாயிறன்று போனால் என்னை மாதிரி முழிக்க வேண்டியதுதான்.

சந்திப்பில் நின்று சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் ராயல் எக்ஸ்சேஞ்ச். வணிகர்கள் கூடிப் பேச ஒரு கூரை வேண்டும் என்று தாமஸ் கிரெஷாம் கட்டி, 1571-ல் முதலாம் எலிசபெத் ராணி திறந்து வைத்த இடம். இரண்டு முறை எரிந்து போய், இப்போது நிற்பது மூன்றாவது கட்டடம். உள்ளே விலை கேட்கவே பயப்பட வேண்டிய கடைகள். எதிரில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து. தெருப் பக்கம் ஜன்னலே இல்லாத நீண்ட மதில். அடியில் சுமார் 4 லட்சம் தங்கக் கட்டிகள் இருக்கின்றன என்றால் ஜன்னல் எதற்கு? அந்த வங்கியின் அருங்காட்சியகமும் வார நாட்களில் மட்டும்தான். இதையெல்லாம் கிளம்புமுன் பார்த்திருக்க வேண்டியது நான்தான்.

சரி, வந்ததுக்கு நடப்போம் என்று கால் போன போக்கில் நடந்தேன். பிரெட் ஸ்ட்ரீட், மில்க் ஸ்ட்ரீட், இரும்புச் சாமான்காரர்களுக்கு அயன்மாங்கர் லேன், கோழிக்கு ஒரு தெரு. என்ன விற்றார்களோ அதுவே தெருவின் பெயர். இந்தச் சந்துகளெல்லாம் வந்து சேரும் பெரிய தெருவான சீப்சைடின் பெயரில் உள்ள 'சீப்', மலிவு இல்லை. பழைய ஆங்கிலத்தில் சந்தை என்று பொருள். இன்று அந்தத் தெருக்களில் ரொட்டியும் இல்லை, பாலும் இல்லை. கண்ணாடி அலுவலகங்கள்தான்.

வால்புரூக் தெருவில் மட்டும் ஒரு கதவு திறந்திருந்தது. ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் அலுவலகக் கட்டடம். அதன் அடியில், தெருவிலிருந்து 7 மீட்டர் கீழே, ரோமானியர் காலத்தில் மித்ராஸ் என்ற தெய்வத்துக்குக் கட்டிய கோயில் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். கோயிலுக்குப் புகையும் ஒளியும் சேர்த்து ஒரு சின்ன நாடகம் மாதிரி செய்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது, என் மனம்தான் அதில் ஒட்டவில்லை. என்னை நிறுத்திப் பிடித்தது மேல் தளத்தில் இருந்த கண்ணாடிச் சுவர். அந்த நிலத்தில் தோண்டி எடுத்த செருப்பு, காசு, ஊசி என்று நூற்றுக்கணக்கான பொருட்கள். அவற்றுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் கறுத்துப்போன ஒரு மரப்பலகை.

ரோமானியர்கள் மரப்பலகையில் குழி செதுக்கி, அதில் மெழுகு பூசி, எழுத்தாணியால் எழுதுவார்கள். மெழுகு எப்போதோ போய்விட்டது. ஆனால் அழுத்தி எழுதியவனின் எழுத்தாணி மரம் வரைக்கும் இறங்கியிருக்கிறது. வால்புரூக் ஓடையின் ஈரச் சேறு அந்தக் கீறலை மக்கவிடாமல் காப்பாற்றிவிட்டது. இப்படி 400-க்கும் மேற்பட்ட பலகைகள் கிடைத்தன. அதில் ஒன்றில் தேதியே இருக்கிறது: கி.பி. 57, ஜனவரி 8. பிரிட்டனில் கிடைத்த தேதியிட்ட கையெழுத்து ஆவணங்களில் இதுதான் மிகப் பழையது.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அரச கட்டளையா, பிரார்த்தனையா? கடன் பத்திரம்! வெனுஸ்டஸிடம் அடிமையாக இருந்து விடுதலையான டிபுல்லஸ் எழுதிக் கொடுக்கிறான்: ஸ்பூரியஸிடம் அடிமையாக இருந்து விடுதலையான கிராட்டஸ் எனக்கு விற்று ஒப்படைத்த சரக்கின் வகையில் 105 தெனாரி (ரோமானிய வெள்ளிக் காசு) பாக்கி, அதை அவனுக்கோ, அது யாரைச் சேருமோ அவருக்கோ திருப்பித் தரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை மேசை இழுப்பறையில் அப்பா கட்டுக் கட்டாக வைத்திருக்கும் புரோநோட்டில் இதே வாசகம்தானே அச்சடித்திருக்கும்? 'தங்களுக்காவது, தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது.' ரெவின்யூ ஸ்டாம்பு ஒன்றுதான் குறை. பலகையைப் படம் எடுத்து, விவரத்தையும் எழுதி அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பலகை எழுதி மூன்று, நான்கு வருடத்தில் ரோமானியரை எதிர்த்துக் கிளம்பிய பூடிக்கா என்ற ராணியின் படை இந்த ஊரையே கொளுத்திவிட்டது. தோண்டினால் அந்தத் தீயின் சிவந்த மண் அடுக்கு இன்னும் வருகிறதாம். அதை எழுத மறந்துவிட்டேன்.

புதன்கிழமை மறுபடி போனேன். அதே ஊரா இது? நிலையத்திலிருந்து என்னை யாரோ தூக்கிக்கொண்டு வந்து வெளியே வைத்த மாதிரி இருந்தது. வங்கி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியின் ஓட்டைக்குள் கை விட்டு ஒரு தங்கக் கட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். சுமார் 13 கிலோ. ஒரு கையால் எனக்கு அரை அங்குலம்கூட எழும்பவில்லை. பின்னால் நின்ற பள்ளிப் பையன் தூக்கிவிட்டான், அதை விட்டுவிடுவோம்.

மதியம் கல்லூரித் தோழன் வந்து சேர்ந்தான். காப்பீட்டுத் துறையில் இருக்கிறான். அவன் கூட்டிப் போன சந்தின் பெயர் செயின்ட் மைக்கேல்ஸ் ஆலி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும். அங்கே 1652-ல் பாஸ்குவா ரோசே என்பவர் லண்டனின் முதல் காபிக் கடையைத் திறந்தார். ஒரு பென்னி கொடுத்தால் ஒரு காபி, அன்றைய செய்தி, நாள் முழுக்க உட்கார இடம். வியாபாரிகளுக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்துச் சந்தில் ஜொனாதன்ஸ் காபிக் கடையில் பங்கு விலைப் பட்டியல் ஒட்டினார்கள். பங்குச் சந்தை அங்கிருந்து முளைத்தது. உட்கார்ந்து பேசுகிறவர்கள் அரசாங்கத்தையும் பேசுவார்கள் அல்லவா? 1675 கடைசியில் இரண்டாம் சார்லஸ் காபிக் கடைகளையெல்லாம் மூடச் சொல்லி ஆணை போட்டார். எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடைக்குக் கப்பல்காரர்கள் வருவார்கள். அங்கேயே கப்பல் காப்பீடும் பேசி முடிப்பார்கள். அந்தக் கடைதான் இன்றைய லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை. குழாய்களையும் லிப்டுகளையும் வெளியே வைத்து 1986-ல் கட்டிய கட்டடம், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்ட ஆள் மாதிரி நிற்கிறது. தோழன் விருந்தாளியாக உள்ளே அழைத்துப் போனான். காப்பீடு எழுதுகிறவர்கள் உட்காரும் இடத்துக்கு இன்னும் 'பாக்ஸ்' என்றுதான் பெயர். காபிக் கடைப் பெஞ்சின் வாரிசு. கோட்டு போட்ட பணியாளருக்குப் பெயர் 'வெயிட்டர்'. காபி கொண்டுவந்து முந்நூறு வருடம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. நடுக்கூடத்தில் 1799-ல் மூழ்கிய லூட்டீன் கப்பலின் மணி தொங்குகிறது. முன்பெல்லாம் கப்பல் போய்விட்டது என்ற செய்திக்கு ஒரு தடவை, காணாமல் போன கப்பல் வந்து சேர்ந்தால் இரண்டு தடவை அடிப்பார்களாம்.

வெளியே வந்ததும் தோழன் தரையைக் காட்டிச் சொன்னான்: "நாம நிக்கிற இடத்துலதான்டா ஈஸ்ட் இந்தியா ஹவுஸ் இருந்துச்சு." எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. 1639-ல் மலிவாகத் துணி வாங்கலாம் என்று சென்னையில் மணல் திட்டைப் பிடித்த கம்பெனியின் தலைமையகம். இங்கிருந்து ஒரு கடிதம் கோட்டைக்குப் போய்ச் சேர ஆறு மாதம் ஆகும். 1861-ல் இடித்துவிட்டார்கள். நான் தேடியவரை ஒரு கல்வெட்டும் கண்ணில் படவில்லை.

துணிக்கடை வீட்டுப் பிள்ளைக்கு இதில் சுவையான கதை வேறு. நம் பக்கத்துப் பருத்தித் துணி இங்கே அப்படி விற்றதில் பக்கத்து ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்களின் பிழைப்பு போனது. 1697-ல் அவர்கள் இந்தக் கம்பெனி வாசலுக்கே வந்து தாக்கினார்கள். 1719-ல் காலிகோ என்ற அந்தப் பருத்தித் துணியை உடுத்திய பெண்களின் துணியை நடுத்தெருவில் கிழித்தார்கள். 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே தடை வந்தது. பின்னால் மான்செஸ்டர் துணி வந்து நம் தறிகளை என்ன செய்தது என்பதுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதற்கு முந்தைய இந்த அத்தியாயத்தை எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

சாயங்காலம் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டில் 'ஈஸ்ட் இந்தியா ஆர்ம்ஸ்' என்ற செங்கல் மதுக்கடை வாசலில் நின்றோம். உள்ளே இடம் இல்லாமல் நடைபாதை முழுக்கக் கையில் கோப்பையோடு ஆட்கள், பாதிப் பேர் இன்னும் வியாபாரம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது போன் அடித்தது. ஊரில் இரவு பத்து மணி. அப்பா கடைக் கணக்கை முடித்திருப்பார்.

"நீ அனுப்புன பத்திரத்தைப் பார்த்தேன் கண்ணு. பின்பக்கம் வரவு ஏதாச்சும் எழுதியிருக்குதா?"

"அதெல்லாம் தெரியலைங்கப்பா."

"மூணு வருசத்துக்குள்ள ஒரு வரவாச்சும் வெச்சிருக்கோணும். இல்லாட்டி காலாவதி ஆயிருக்குமே."

மூணு, நாலு வருசத்துல அந்த ஊரே எரிஞ்சு சாம்பலாயிடுச்சுங்கப்பா என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. இழுப்பறை மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஊரு எரிஞ்சா என்ன கண்ணு," என்றார் அப்பா. "பத்திரம் இருக்குதல்லோ."