காட்பாடிக் கொட்டகைக் குறிப்புகள்: விமானத்தின் உள்ளறை வேலை

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

கொட்டகையில் நானே கட்டிவரும் விமானத்தின் இறக்கைகளும் வால் பகுதியும் முடிந்து, ரோட்டாக்ஸ் 912 இன்ஜினும் ஏறி அமர்ந்துவிட்டது. இனி உள்ளறை. ஜெனித் சி.எச். 701 இரண்டு பேர் அமரும் சிறிய அலுமினிய விமானம்; ஆட்கள், எரிபொருள், பெட்டி எல்லாம் சேர்ந்து பறக்கும்போது மொத்த எடை 1100 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 499 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆகவே இருக்கை, பக்கச்சுவர், தரைவிரிப்பு அனைத்துக்கும் சேர்த்து 6 கிலோ என்று கணக்கேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அதன் கீழ் சிவப்புக் கோடும் போட்டுவிட்டேன். உள்ளே சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதால், இங்கே அழகு மூன்றாம் இடத்தில்தான் நிற்கிறது. முதலிடம் தீக்கு, இரண்டாமிடம் எடைக்கு.

2024 பிப்ரவரி 18, ஞாயிறு

கொல்லையில் தீச்சோதனை செய்தேன். அமெரிக்கப் பயணிகள் விமான விதிகளில் ஒரு சோதனை உண்டு: துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் அடிநுனியில் 12 விநாடி சுடரைக் காட்ட வேண்டும், சுடரை எடுத்தபின் 15 விநாடிக்குள் அது அணைய வேண்டும், எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, சொட்டும் துளிகள் 5 விநாடிக்கு மேல் எரியக் கூடாது. அந்த விதி என் விமானத்துக்காக எழுதப்பட்டதல்ல. என் கொல்லைச் சோதனை எந்தச் சான்றிதழுக்கும் ஈடாகாது. ஆனால் நூறு அடி உயரத்தில் கால் வைக்க இடமில்லாதவனுக்கு அந்த 15 விநாடி என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

"தீப்பிடிக்காது" என்று ஒரு கடையில் உறுதியாகச் சொல்லி விற்ற ஃபோம் துண்டு முதலில் தொங்கியது. நான்கு விநாடியில் சுடர் உச்சிவரை ஏறியது. மஞ்சள் துளிகள் சொட்டிச் சொட்டி, கீழே வைத்திருந்த தகரத் தட்டிலும் நின்று எரிந்தன. புகை கறுப்பாகவும் கனமாகவும் எழுந்தது. பாலியூரித்தேன் ஃபோம் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும் என்பதால் காற்றுக்கு எதிர்த்திசையில் பத்தடி தள்ளி நின்றேன். திரைச்சீலைத் துணி உருகி ஒழுகியது. ராணிப்பேட்டையில் வாங்கிய குரோம் பதனிட்ட மாட்டுத்தோலில் சுடர் உடனே அணைந்துவிட்டது. ஆனால் ஓரத்தில் ஊதுபத்தி நுனிபோல ஒரு கனல் சிவந்தபடியே உள்நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. கம்பளி கலந்த துணி மட்டும் கருகி, சுருங்கி, சும்மா இருந்தது.

2024 மார்ச் 3, ஞாயிறு

துணி என்று முடிவு செய்துவிட்டேன், ஆனாலும் மனம் தோலைவிட்டு அகலவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று சுற்றிலும் தோல் மணக்கும் ஊர்களுக்கு நடுவே இருந்துகொண்டு தோலே இல்லாத இருக்கையில் உட்கார்வது எனக்கு ஒப்பவில்லை. எடை போட்டுப் பார்த்தேன். இரண்டு இருக்கைகளுக்கும் 24 சதுர அடி தேவை. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் அது 2 கிலோ வருகிறது. அதே பரப்புக்குத் துணி 780 கிராம். ஒரு கிலோ 220 கிராம் வித்தியாசத்துக்கு மனம் வாதாடலாம், தராசு வாதாடாது. ஏறி இறங்கும்போது உராயும் முன்விளிம்புக்கும் விமானத்தை இயக்கக் கையில் பிடிக்கும் கண்ட்ரோல் ஸ்டிக்கின் உறைக்கும் மட்டும் தோல் என்று தீர்த்தேன்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. குரோம் தோலில் அமிலத்தன்மை உண்டு, ஈரத்தையும் அது பிடித்துவைக்கும். அதை வெறும் அலுமினியத்தின்மேல் ஒட்டிவைத்தால் சில மழைக்காலங்களில் உலோகம் வெண்பொடியாகப் பூத்துவிடும். ஆகவே இருக்கைத் தட்டு முழுவதும் எப்பாக்ஸி பிரைமர் அடித்தேன். வடிகால் துளைகள் திறந்தே இருக்கின்றன.

2024 மார்ச் 17, ஞாயிறு

ஷூ தொழிற்சாலையில் முப்பது ஆண்டு அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்து ஓய்வு பெற்ற பாய் இன்று மேல்விஷாரத்திலிருந்து பேருந்தில் வந்தார். நோன்பு நாள். "வெயிலுக்கு முன்னாடி முடிச்சிக்கலாம் சார்" என்று ஏழு மணிக்கே மெஷினில் உட்கார்ந்துவிட்டார். நான் ஏற்கெனவே தைத்துவைத்திருந்த விளிம்பைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

"எவ்ளோ நெருக்கமா ஓட்டிருக்கீங்க பாருங்க. ஊசி ஓட்டை இப்படி வரிசையா விழுந்தா, தோல் தபால்தலை மாதிரி கிழிஞ்சிடும். அங்குலத்துக்கு ஆறு தையல் போதும்."

ஓரங்களை ஸ்கைவிங் செய்யாமல் மடித்ததுதான் என் அடுத்த பிழை. அவர் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, தோலின் உட்புறத்தை விரல் அகலத்துக்குச் சீவினார். சீவல் வெங்காயத் தோல்போலச் சுருண்டு விழுந்தது. மடித்தபின் விளிம்பு ஒற்றைத் தோல் கனத்திலேயே இருந்தது. நூலுக்கு நைலானை ஒதுக்கிப் பாலியஸ்டரை எடுத்தோம். கண்ணாடிக் கதவுவழியே நாளெல்லாம் வெயில் விழும் இடத்தில் பாலியஸ்டர்தான் அதிக காலம் தாங்கும்.

2024 மார்ச் 20, புதன்

மெத்தை அடுக்கினேன். 1960களில் நாசாவுக்கான ஆய்வில் பிறந்த, மெதுவாக அமுங்கி மெதுவாக எழும் ஃபோம் வகை இது; அடியில் கெட்டி அடுக்கு, மேலே மென்மையான அடுக்கு. சூட்டுக்கு ஏற்ப இதன் குணம் மாறும். காலை ஆறு மணிக்கு அழுத்தினால் பலகை. பிற்பகல் இரண்டு மணிக்கு அழுத்தினால் கை புதைகிறது. வேலூர்க் கோடையில் அமர்ந்தால் என் கண்மட்டம் இரண்டு சென்டிமீட்டர் இறங்குகிறது. காலையில் சரியாகத் தெரிந்த விமான மூக்கின் கோடு பிற்பகலில் உயர்ந்து தெரிந்தால், தரையிறங்கும்போது கண் ஏமாறும். அதனால் மேலடுக்கைப் பாதியாகக் குறைத்தேன்.

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. வீட்டில் வேப்பம்பூப் பச்சடி. கொட்டகையில் கசப்பு மட்டும்.

இந்த விமானத்தில் ஸ்டிக் ஒன்றுதான். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே முளைத்து, ஆங்கில ஒய் எழுத்துபோல இரு கைகளாகப் பிரியும். தரையில் அது நுழையும் திறப்பின் வழியே பேனாவோ திருகாணியோ கீழே விழுந்து இணைப்புகளில் சிக்கினால் விமானமே சிக்கிக்கொள்ளும் என்பதால், அந்தத் திறப்புக்குத் தோலுறை தைத்து நேற்று இரவு பொருத்தினேன். பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. இன்று காலை ஸ்டிக்கை முழுதும் பின்னிழுத்து இடப்பக்கம் சாய்த்தபோது, கடைசி அரை அங்குலத்தில் தோல் விறைத்து இழுத்துப் பிடித்தது. கையை விட்டதும் ஸ்டிக் தானே நடுவை நோக்கி நகர்ந்தது. நேராக மட்டும் அசைத்துப் பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். நான்கு மூலைகளையும் தொட்டுப் பார்க்கவில்லை. உறையைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

பெருநாள் முடிந்து பாய் வந்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சேஃப்டி பூட் நாக்கு மாதிரி இருக்கணும் சார். ரெண்டு பக்கமும் மடிப்பு விட்டுத் தைப்போம்ல, கால் நுழையறப்ப விரியும், நுழைஞ்சப்புறம் மடிஞ்சிக்கும்."

மாட்டுத்தோலை விட்டுவிட்டு, ஷூ லைனிங்குக்குப் போகும் மெல்லிய ஆட்டுத்தோலில் நான்கு மூலைகளிலும் மடிப்பு வைத்துத் தைத்தார். எடை 90 கிராம். நான் ஸ்டிக்கை நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோனேன். பாய் வெளியே நின்று இறக்கையின் பின்னால் அசையும் ஃபிளாப்பரானும் வாலில் அசையும் எலிவேட்டரும் கடைசி எல்லைவரை போவதைப் பார்த்துச் சொன்னார். கையை விட்டேன். ஸ்டிக் விட்ட இடத்திலேயே நின்றது.

2024 மே 5, ஞாயிறு

நேற்று அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. தகரக் கூரையின் கீழ் பக்கச்சுவர்த் துணி கொப்புளம் கொப்புளமாக எழுந்துவிட்டது; ஒட்டிய சொல்யூஷன் பசை சூட்டில் இளகிவிட்டது. எல்லாவற்றையும் உரித்தேன். இப்போது துணியை மெல்லிய அலுமினியத் தகட்டின் ஓரம் சுற்றிப் பின்னால் மடித்து நூலால் இழுத்துக் கட்டி, தகட்டைத் திருகாணியால் பொருத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் கேபிளையும் புல்லியையும் பார்க்கக் கழற்றவேண்டிய தகடுகள் இவை. ஒட்டியது முதலிலேயே தவறு.

2024 மே 26, ஞாயிறு

மொத்த எடை 6 கிலோ 140 கிராம். சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. பெட்டி வைக்கும் இடத்து விரிப்பை எடுத்துவிட்டேன்; 210 கிராம்தான், ஆனால் எடைமையத்துக்கு வெகு பின்னால் இருப்பதால் வாலை இழுப்பதில் அதன் பங்கு எடையைவிடப் பெரியது. 5 கிலோ 930 கிராம். ஏட்டில் எழுதினேன். வலது இருக்கையில் பெல்ட் வரும் பிளவு ஒரு சென்டிமீட்டர் குறுகலாக இருக்கிறது. புதன்கிழமை பாய் வந்து பிரித்துத் தைப்பார்.