ஸ்பாடைனாவில் இன்று

ரொறன்ரோவின் ஸ்பாடைனா வீதியில் ஸ்ட்ரீட்காருக்கு, அதாவது டிராமுக்கு, நிற்கிறேன். கடைவாசலில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். சனம் விலகிப் போகிறது.

வந்தவர்கள் இரண்டு பேர். சீருடை இல்லை. இடுப்பில் துவக்கு இல்லை.

அதில் ஒரு பெண், நாலடி தள்ளி நடைபாதையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார். தண்ணீர்ப் போத்தலை நடுவில் வைத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மனிதர் தானாகவே போத்தலை எடுத்தார்.

ரொறன்ரோவில் 2022இல் தொடங்கிய சேவை இது. 211க்கு அழைத்தால் பொலிஸுக்குப் பதில் நெருக்கடிப் பணியாளர்கள் வருவார்கள். நகரமையத்தின் மேற்குப் பக்கத்தில் இதை நடத்துவது ஒரு பூர்வகுடி அமைப்பு. பூர்வகுடிகள் சடங்கில் எரிக்கும் சேஜ் இலைப் புகையும் மூத்தவர் ஒருவரின் பேச்சும் மருந்துதான் என்று தெரிந்த சனம்.

2020 ஜூனில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஷான்டெல் மூர் என்ற 26 வயதுப் பூர்வகுடிப் பெண்ணைச் சுட்டுக் கொன்றது, அவர் நலமா என்று பார்க்கப் போன பொலிஸ்காரர்.

பூர்வகுடிப் பிள்ளைகளைப் பறித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த காலத்திலும் வாசலில் நின்றது பொலிஸ்தான். அந்தச் சீருடையைக் கண்டு மனம் எப்படி அடங்கும்? இலங்கையில் செக்பொயின்ற் தாண்டி வந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, 2024இல் இந்த 211 சேவை நகரம் முழுவதற்கும் வந்துவிட்டது. ஆனால் ஒன்ராறியோவின் வடக்கே, விமானத்தில் மட்டுமே போகக்கூடிய பூர்வகுடி ஊர்கள் இருக்கின்றன. அங்கே நடுராத்திரியில் ஒருவர் உடைந்துபோனால் பெரும்பாலும் தாதியர் நிலையம், இல்லாவிட்டால் பொலிஸ்.