கேமரன் மலைச் சாலையும் ஒரு பழைய ஆட்டோ கியர்பாக்ஸும்

எங்கள் கார் 1998ஆம் ஆண்டு வாங்கியது. நான்கு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் இரைகிறது, வேகம் கூடுவதில்லை. காலையில் ரிவர்ஸ் போட்டால் சற்றுத் தாமதித்துத்தான் பிடிக்கிறது. ஈப்போவில் எந்தப் பட்டறைக்குப் போனாலும், "ஹாஃப்கட் கியர்பாக்ஸ் போட்டுவிடலாம் அண்ணே" என்கிறார்கள். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியாகும் கார்களில் கழற்றியது அது. அதற்குள் எவ்வளவு தேய்மானம் என்று விற்பவருக்கே தெரியாது. அதனால் இருப்பதையே முடிந்தவரை காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் பார்க்க வேண்டியது கிக்டவுன் கேபிள், அதாவது ஆக்சிலரேட்டர் அழுத்தத்தைக் கியர்பாக்ஸுக்குத் தெரிவிக்கும் கம்பி. பழைய கார்கள் பலவற்றில் இது உண்டு. தளர்ந்திருந்தால் உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்து, கிளட்ச் தட்டுகள் வழுக்கும். முறுக்கிச் சரிசெய்ய அதிகச் செலவில்லை. எங்கள் காரில் அதைச் சரிசெய்ததும் வழுக்கல் பாதி குறைந்தது.

பிறகு கியர்பாக்ஸ் எண்ணெய். அதன் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை வெள்ளைத் தாளில் துடைத்தால் சிவப்பாக இருக்க வேண்டும். எங்களுடையது பழுப்பு, இலேசான கருகல் வாடை வேறு. கையேட்டில் சொன்ன வகையைத்தான் ஊற்ற வேண்டும். டெக்ஸ்ரான், டி‑4, எஸ்பி‑3 எல்லாம் ஒன்றல்ல. கிளட்ச் பிடிக்கும் தன்மை எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். அளவு பார்க்கும் முறையும் அப்படித்தான். எங்கள் காரில் எஞ்சின் சூடாகி ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

இயந்திரம் வைத்து முழுவதையும் ஒரேயடியாகக் கழுவித் தருகிறோம் என்றார்கள், நான் ஒப்பவில்லை. தேய்ந்த பெட்டிக்குள் படிந்திருக்கும் கசடைக் கிளப்பிவிட்டால் வால்வுகளின் குறுகிய துளைகளில் போய் அடைக்குமோ என்ற கவலைதான். அடித்தொட்டியைத் திறந்தால் வடிவது ஒரு பகுதிதான். மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் நின்றுவிடும். ஆகவே வடித்து, புதிதாக ஊற்றி, சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் வடித்தோம். தொட்டியின் காந்தத்தில் சாம்பல் நிற மாவு மட்டும் ஒட்டியிருந்தது. இரும்புச் சில்லுகள் இருந்திருந்தால் இந்தப் பாடெல்லாம் வீண்.

இவை எல்லாவற்றையும்விட வெப்பத்துக்குத்தான் நான் அஞ்சுகிறேன். அம்மா கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் இருக்கிறார்; சிம்பாங் பூலாய் வழியாக ஏறியே ஆக வேண்டும். அந்த ஏற்றத்தில் காய்கறி லாரியின் பின்னால் ஊரும்போது கியர் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தடுமாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் தட்டுகள் உரசி எண்ணெய் சூடேறும். நான்காம் கியருக்கான ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்துவிட்டால் மூன்றுக்கு மேல் போகாது. இறங்கும்போது லீவரை 2இல் வைக்கிறேன். நியூட்ரலில் உருட்டுவதே இல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஓர் எண்ணெய்க் குளிர்விப்பானையும் பொருத்தியாயிற்று. பழைய ரேடியேட்டருக்குள் கியர்பாக்ஸ் எண்ணெய் ஓடும் குழாய் அரித்துப்போய்த் தண்ணீர் எண்ணெயில் கலந்தால் தட்டுகளின் உராய்வுப் பூச்சு உரிந்துவிடும். அதனால் ரேடியேட்டரையும் மாற்றினோம்.

என்றாவது வழியில் நின்றுவிட்டால், முன்சக்கரங்களால் ஓடும் இத்தகைய காரைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது எண்ணெய் பம்பும் ஓடாது. சக்கரம் சுழலச் சுழல உள்ளே எல்லாம் காய்ந்து தேயும். முன்பக்கத்தைத் தூக்கியோ, முழுக் காரையும் லாரியில் ஏற்றியோ கொண்டுபோகச் சொல்லுங்கள்.