மரத்துப்போன விரல்கள் அளவு சொல்லப் பழகிய கதை

கண்ணாடிச் சட்டம் ஒன்றைக் கழற்றும்போது உடைந்து, ஒரு சில்லு என் வலது மணிக்கட்டில் ஆழமாக இறங்கிவிட்டது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் தப்பின. விரல்களுக்கு உணர்வு கொண்டுபோகும் மீடியன் நரம்பு மட்டும் முழுசாக அறுந்திருந்தது. அன்றைக்கே இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி எல்லாம் மரத்துப்போயின.

கட்டுப் பிரித்த பிறகு பிசியோதெரபிஸ்ட் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எதையோ வைத்து, "எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டார். எதுவும் படுவதாகவே தெரியவில்லை. ஆனால் விரல்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பது மட்டும் தெரிந்தது. "நாலு சென்டிமீட்டர் இருக்கலாம்" என்றேன். கண்ணைத் திறந்தால் ஒரு மரக்கட்டை, அளவும் கிட்டத்தட்ட சரி. மறுபடி மூடச் சொல்லிக் கேட்டார். அதே நாலு சென்டிமீட்டர் என்றேன். இந்த முறை நடுவில் ஒன்றுமே இல்லை; என் விரல்களை அவரே விரித்துப் பிடித்திருந்தார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு கணம் அழுகை வந்துவிட்டது. அவர் பொறுமையாக விளக்கினார். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அளந்து சொல்லும் நுண்ணிய உறுப்புகள் அந்தத் தசைகளுக்குள்ளேயே உண்டு. அவற்றின் நரம்புக் கிளைகள் மணிக்கட்டுக்கு வெகு முன்பே பிரிந்துவிடுவதால் என் காயம் அவற்றைத் தொடவில்லை. 1972-இல் குட்வின், மெக்லாஸ்கி, மேத்யூஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் தசைநாணை அதிரவைத்துப் பார்த்தபோது, அசையாத கை அசைவதாக ஆட்கள் உணர்ந்தார்கள். கையின் நிலையை மூளை பெருமளவு தசையிடமிருந்துதான் தெரிந்துகொள்கிறது.

ஆனால் விரல் விரிந்திருக்கும் தூரம் மட்டும் போதாது. விரிந்த கை வெறுங்கையாகவும் இருக்கலாமே! "இங்கே ஒரு பொருள் தடுக்கிறது" என்று தோல் சொன்னால்தான் அந்தத் தூரம் ஒரு பொருளின் அளவாகிறது. எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதும் சேர வேண்டும். அது தெரியாததால் காகிதக் கப்பை ஒன்று நசுக்கிவிடுவேன், இல்லையென்றால் நழுவவிடுவேன்.

இன்னொரு விஷயம். மரத்துப்போன கட்டைவிரல் வீங்கிப் பருத்ததுபோலவே இருந்தது. பார்த்தால் வீக்கமே இல்லை. பல் மருத்துவர் ஊசி போட்டதும் உதடு தடித்துப்போனதுபோல இருக்குமே, அப்படி. 1999-இல் கண்டேவியா, பெகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கட்டைவிரலை மரக்கவைத்துச் சோதித்தார்கள். அது 60 முதல் 70 சதவீதம் வரை பெரிதானதாக ஆட்களுக்குத் தோன்றியது. மூளை வைத்திருக்கும் அளவுகோலே நம் கைதான். அதன் அளவே தப்பாகத் தோன்றும்போது, அதை வைத்து வேறெதை அளப்பது?

அறுந்து தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். உள்ளங்கையைத் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சுரீரென்று மின்சாரம் போல இழுக்கும். வளரும் முனை அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். வாராவாரம் அந்த இடம் நகர்கிறதா என்று பார்ப்பதுதான் என் முக்கிய வேலை.

ஏழாவது மாதம் விரல்நுனியில் உணர்வு எட்டிப் பார்த்தது. முதலில் தேய்த்தால் தெரிந்தது, அழுத்தி வைத்தால் தெரியவில்லை. அதிலும் குழப்பம்: ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டதுபோல இருக்கும். வளர்ந்த நரம்பிழைகள் எல்லாம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்வதில்லையாம். அதனால் மூளைக்குத்தான் பாடம் நடத்த வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டே தொடு, கண்ணை மூடித் தொடு, திறந்து சரிபார். தினமும் நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம். பெரிய கட்டையில் ஆரம்பித்து, அப்புறம் மூடி, பொத்தான், கோலிக்குண்டு.

ஒருநாள் மணல் டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினேன். உருண்டையாக ஒன்று சிக்கியது. இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினேன், விரல்கள் ஓரிடத்தில் நின்றன. ஏதோ தடுத்து நிறுத்தியதுபோல நின்றன. "சின்னக் கோலி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே எடுத்தேன். சின்னக் கோலிதான்.