மணியும் பனிக்காலமும்

ஜனவரி 4

ஒன்பது வார நாய்க்குட்டியான மணி வீட்டுக்கு வந்து இன்றோடு மூன்று நாட்கள் ஆகின்றன. வெளியே மைனஸ் 11 டிகிரி. காலையிலிருந்து ஏழு முறை வெளியே தூக்கிச் சென்றும் ஒரு முறைகூட அவன் அங்கே சிறுநீர் கழிக்கவில்லை. நடுங்கியபடி என் காலணிமேல் ஏறி நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் கதவருகே கிடக்கும் கால் துடைக்கும் மிதியடியை நனைத்துவிடுகிறான். நான் அதட்டவில்லை. அதட்டினால் என் கண்ணெதிரே போவதுதான் தவறென்று எண்ணிக் கட்டிலுக்கடியில் மறைந்து போகப் பழகிவிடுவான். பிறகு வெளியே அழைத்துச் சென்றாலும் என் முன்னால் போகமாட்டான்.

ஜனவரி 5

இரவெல்லாம் பனி கொட்டியது. மணியின் வயிறு பனியில் உரசும் அளவுக்கு முற்றம் மூடிக்கிடந்ததைப் பார்த்தபோதுதான் அவனுடைய சிக்கல் எனக்குப் புரிந்தது. நாய் இடத்தை மூக்கால் தேர்ந்தெடுக்கிறது. நேற்றைய வாசனையைப் புதுப்பனி மூடிவிட்டால், அது முன்பின் அறியாத இடமாகிவிடுகிறது. ஆகவே மண்வாரியால் பனியை அள்ளி, கதவிலிருந்து சுவரோரம் வரை ஒரு பாதையும், அதன் முடிவில் பழுப்புப் புல் தெரியுமளவுக்கு இரண்டு மீட்டர் சதுரத்தில் ஓர் இடமும் ஒதுக்கினேன். மிதியடியை ஒற்றியெடுத்த காகிதத்தை அங்கே ஒரு கல்லின்கீழ் வைத்தேன்.

ஜனவரி 6

காலை 6.40. தூங்கி எழுந்தவனைக் கம்பளியில் சுற்றித் தூக்கிச் சென்று புல்லில் விட்டேன். காகிதத்தை முகர்ந்தான், இருமுறை வட்டமடித்தான், பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தான். உறைந்த புல்லிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. அவன் முடித்த அந்த நொடியிலேயே தின்பண்டத்தைக் கொடுத்துக் கொஞ்சினேன், ஏனெனில் வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் உள்ளே ஓடிவந்ததற்குக் கிடைத்த பரிசாகவே அவன் எடுத்துக்கொள்வான்.

ஜனவரி 10

தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்திலும் வெளியே செல்கிறோம். விழித்திருக்கையில் ஒரு மணி நேரத்துக்கொரு முறை, இரவில் மூன்று மணி நேரத்துக்கொரு முறை. என் மேலங்கியும் காலணியும் கதவருகிலேயே இருக்கின்றன, அவற்றைத் தேடும் அரை நிமிடத்தில் காரியம் கெட்டுவிடும் என்பதால். ஐந்து நிமிடத்தில் அவன் போகாவிட்டால் குளிரில் நிற்கவைக்காமல் உள்ளே கொண்டுவந்துவிடுகிறேன், ஆனால் அவிழ்த்துவிடுவதில்லை. மடியிலோ கூண்டிலோ பத்து நிமிடம் வைத்திருந்து மறுபடியும் தூக்கிச் செல்கிறேன். எல்லாவற்றையும்விட இதுதான் பலன் தந்தது. குளிர்ந்த வயிறு வீட்டின் சூட்டில் இளகும் அந்தச் சில நிமிடங்களில்தான் முன்பு மிதியடி நனைந்துகொண்டிருந்தது.

ஜனவரி 14

மிதியடி மீண்டும் நனைந்தது. தவறு என்னுடையது: அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்திருந்தேன், அதன் நெடியோ சிறுநீரின் நெடியை ஒத்தது. இம்முறை அந்த நெடியைச் சிதைக்கும் நொதிகள் கலந்த திரவத்தால் தரையை ஊறவைத்துத் துடைத்தேன். மிதியடியை அகற்றிவிட்டேன்.

ஜனவரி 20

பாதையில் மணி திடீரென முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். விரல்களுக்கிடையே உள்ள முடியில் பனி மிளகளவு மணிகளாக உறைந்திருந்தது. பனியை உருக்கத் தெருவில் தூவிய உப்பும் பாதத்தில் ஒட்டியிருந்தது. அந்த உப்பு பாதத்தை எரிப்பதோடு, நக்கினால் வாந்தியும் வரவழைக்கும். அவனுக்கு வெளியே போவதென்றாலே வலி என்று தோன்றிவிட்டால் இதுவரை பட்ட பாடு வீண். வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எங்கள் பாதைக்கு இனி மணல்தான்.

பிப்ரவரி 2

மைனஸ் 19. பன்னிரண்டு நாட்களாக வீட்டுக்குள் ஒரு துளியும் இல்லை. இன்று விடியுமுன் என்னை எழுப்பியது கதவைப் பிறாண்டும் ஓசை. இரவுப் பனி பாதையை மூடியிருந்ததால் நான் மண்வாரியுடன் முன்னே செல்ல, அள்ளிய இடத்தில் அடியெடுத்து வைத்து மணி பின்னாலேயே வந்தான். புல் தெரியும்வரை பொறுமையாகக் காத்திருந்தான்.