இடியப்ப உரலும் அளவுநாடாவும்

"மிஸ், இனி நான் இடியப்பம் பிழியலாமா?"

அந்தக் கேள்விக்கு நான் அன்று சொன்ன பதில் இன்றும் என்னை உறுத்துகிறது.

யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்குத் தோளையும் கையையும் பழையபடி அசைக்கப் பயிற்சி கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. சுவரைப் பார்த்து நிற்கவைத்து, விரல்களால் படிப்படியாக மேலே ஏறச் சொல்வோம். அந்தக் கேள்வியைக் கேட்ட அக்கா எல்லாப் பயிற்சிகளையும் ஒழுங்காகச் செய்து முடித்தவர். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தே இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர். "வேண்டாம் அக்கா, வலக் கைக்குப் பாரமான வேலை எதுவும் கொடுக்காதீர்கள்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

எங்களுக்கு அப்படித்தான் கற்பித்திருந்தார்கள். திசுக்களிலிருந்து வடியும் நீரான நிணநீரை வடிகட்டும் கமக்கட்டுக் கணுக்களை எடுத்துவிட்டால், அல்லது அந்த இடத்துக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தால், கையிலிருந்து நிணநீர் திரும்பிச் செல்லும் வழி குறைந்துவிடுகிறது. அதனால் கை வீங்கலாம். சிலருக்குச் சில மாதங்களிலும் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வரும். ஆகவே பாரம் தூக்காதே, கிணற்றில் தண்ணீர் அள்ளாதே, மா இடிக்காதே, தேங்காய் திருவாதே என்று அடுக்கிக்கொண்டே போவோம். இவ்வளவையும் விட்டுவிட்டால் நம் ஊரில் ஒரு பெண் எப்படி நாளைக் கழிப்பாள் என்று நாங்கள் கேட்டதில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து அவர் திரும்பி வந்தபோது வலக் கை முழங்கைக்குக் கீழே சிவந்து, தொட்டால் சுட்டது. காய்ச்சலும் இருந்தது. ஆள்காட்டி விரலின் ஓரத்தில் உடைந்துபோன ஒரு கொப்புளம். "எப்ப சுட்டது அக்கா?" என்று கேட்டேன். "தெரியாது மிஸ். கொப்புளத்தைக் கண்ட பிறகுதான் சுட்டதே தெரியும்" என்றார்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. சிகிச்சை முடிந்து சில மாதங்களிலேயே விடியற்காலை அடுப்பை மூட்டிவிட்டார். "அடுப்பை எத்தனை நாளைக்கு மூடி வைக்கிறது?" என்றார். நான் வேண்டாமென்று சொன்னதால் என்னிடம் சொல்லவில்லை. முதல் நாளே முன்பு போல முந்நூறு தட்டு. கை வீங்கியபோது நீளக் கைச் சட்டை போட்டு மறைத்திருக்கிறார். புற்றுநோய்க்காக அவருக்குக் கொடுத்த பக்ளிடாக்சல் என்ற மருந்து விரல் நுனிகளின் நரம்பைப் பாதித்திருந்தது. மரத்துப்போன விரலுக்கு இடியப்பச் சட்டியின் ஆவி சுடுவது தெரியவில்லை. நிணநீர் தேங்கிய கையில் சின்னக் காயமும் தொற்றாகிப் பரவலாம். வேலை செய்ததை விட, வழிகாட்டல் இல்லாமல் ஒளித்துச் செய்ததுதான் அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. அந்த ஒளிப்பைத் தொடக்கிவைத்தது என்னுடைய "வேண்டாம்".

ஏற்கெனவே கை வீங்கிய பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2009 இல் வெளியாகியிருந்தது. மேற்பார்வையோடு, மிகச் சிறிய பாரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. இடையிடையே வீக்கம் மோசமாவதும் குறைந்தது, கையும் பலப்பட்டது. அதை நான் வாசித்தும் இருந்தேன். ஆனால் ஆய்வில் சொன்ன பாரத்துக்கும் இடியப்ப உரலுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

டொக்டர் கொடுத்த மருந்தில் தொற்று அடங்கியது. பிறகு கட்டுப்போட்டு வீக்கத்தை இறக்கினோம். மணிக்கட்டிலிருந்து மேற்கை வரை இறுக்கிப் பிடிக்கும் கை உறை அணியப் பழக்கினோம். பங்குனி, சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் அந்த உறையைப் போட்டிருப்பது பெரிய பொறுமைக்கான வேலை, அதே வெயிலில்தான் வீக்கமும் கூடும். அடுப்படியில் கையுறை போட்டுத்தான் சட்டி மூடியைத் திறக்க வேண்டும் என்று சொன்னேன். தையற்காரர் பாவிக்கும் அளவுநாடா ஒன்றைக் கொடுத்து, முழங்கையிலிருந்து பத்து சென்ரிமீற்றர் கீழே இரண்டு கையையும் அளக்கக் காட்டிக் கொடுத்தேன். இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தாலே அதை வீக்கமாக எடுத்துக்கொள்வோம். அவருக்கு அன்று மூன்று. "இருபது தட்டில் தொடங்குங்கள். ஒரு கிழமை அளவு கூடாவிட்டால் பத்தைக் கூட்டுங்கள்" என்றேன்.

கை மட்டும்தான் பிரச்சினை என்றில்லை. அந்த வருத்தம் வந்த கையால் பிழிந்தது என்று இரண்டு கடைகள் வாங்குவதை நிறுத்தியிருந்தன. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, உணவால் பரவாது. நானே போய் விளக்கினேன். ஒருவர் கேட்டு மறுநாளே வாங்கினார். மற்றவர் கேட்கவேயில்லை.

ஒரு காலத்தில் இங்கிருந்து கொழும்புக்கு அருகே மஹரகமவிலுள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் எத்தனையோ பேர். 2011 இல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அது எங்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான ஒவ்வொரு ஒக்ரோபரிலும் நோயை நேரத்தோடு கண்டுபிடிப்பதைப் பற்றியே பேசுகிறோம். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவரின் அடுத்த இருபது ஆண்டுகளைப் பற்றியும் அதே அளவுக்குப் பேச வேண்டும். நோய் திரும்பாமலிருக்கப் பலர் தமொக்சிபன் என்ற குளிசையை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் வரும் உடல் சூட்டைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கிளினிக் திகதி கிட்ட வரும்போது நித்திரை போய்விடுகிறது. அந்தப் பயத்தை யாரும் கேட்பதுமில்லை.

இப்போது முதல் நாளே நான் கேட்பது, "உங்கள் கைக்கு என்ன வேலை?" என்றுதான். வெங்காயத் தோட்டம், தையல், பனையோலைப் பெட்டி இழைத்தல், கரும்பலகையில் எழுதுதல் என்று பதில் வருகிறது. பயிற்சியை அங்கிருந்து பின்னோக்கி வகுக்கிறேன்.

போன மாதம் அந்த அக்கா வழக்கம்போலக் கிழித்த கலண்டர்த் தாள்களை ஊசி குத்திக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் இரண்டு எண்கள். மேலே தட்டு, கீழே கையின் வித்தியாசம். கடைசித் தாளில் 140, அதற்குக் கீழே ஒன்றரை.

"மிஸ், இனி நூற்றைம்பது பிழியலாமா?"

நானும் ஒருமுறை அளந்து பார்த்தேன். ஒன்றரைதான். "இந்தக் கிழமை நூற்று நாற்பதிலேயே நில்லுங்கள் அக்கா. அளவு கூடாவிட்டால் திங்கட்கிழமை நூற்றைம்பது" என்றேன்.