கோயிலுக்கு முன் பீடம்

எஸ்ரா நூலின் மூன்றாம் அதிகாரம் எங்கள் சனத்துக்காகவே எழுதப்பட்டது என்று எனக்குத் தோன்றும். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் எருசலேமுக்குத் திரும்பி வருகிறார்கள். ஆலயம் இல்லை. சுற்றியிருப்பவர்களை நினைத்தால் பயம். அந்த நிலைமையில் செருபாபேலும் குருவான யேசுவாவும் முதலில் கட்டியது பலிபீடம், அதுவும் பழைய பீடம் இருந்த அதே இடத்தில். ஆலயத்துக்கு அப்போது அத்திவாரம்கூடப் போடவில்லை என்று ஆறாம் வசனம் சொல்கிறது. ஆனால் காலைப் பலியும் மாலைப் பலியும் தொடங்கிவிட்டன.

போர் முடிந்த பிறகு, 2010 இல், செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் கிராமத்துக்குத் திரும்பியபோது கோயிலில் சுவர்கள்தான் மிச்சம். உள்ளே பற்றை. பக்கத்துக் காணியில் மிதிவெடி அகற்றுகிறவர்களின் நாடா கட்டியிருந்தது. எங்களுக்கே தறப்பாள் கொட்டில்தான், இதில் கோயிலை யார் கட்டுவது? ஆனாலும் முதல் ஞாயிறே பூசை நடந்தது. பீடமாக வைத்தது உடைந்த பள்ளிக்கூடத்து மேசை ஒன்று. அதன் ஒரு கால் கட்டை, கீழே ஓட்டுத் துண்டு வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். பலகையில் யாரோ ஒரு பிள்ளை கொம்பாஸ் ஊசியால் தன் பெயரைக் கீறியிருந்தது; முதல் இரண்டு எழுத்து ஆழம், மற்றவை மேலோட்டம், ஆசிரியர் வந்துவிட்டார் போலும். அந்தப் பிள்ளை யார், இருக்கிறதா என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அந்த மேசைக்கு மேல் கோயில் மூப்பர் தன் வேட்டியை விரித்தார். சோளகக் காற்று விடவில்லை, நாலு முனையையும் மேசைக் கால்களோடு கட்ட வேண்டியிருந்தது.

பாதர் வந்து குனிந்து அந்த மேசையை முத்தமிட்டார். பீடம் கிறிஸ்துவின் அடையாளம் என்பதால் எந்தக் கோயிலிலும் குரு அப்படித்தான் பூசையைத் தொடங்குவார். பள்ளிக்கூட மேசைக்கும் அந்த வணக்கத்தில் ஒரு இம்மி குறையவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் பீடங்களைப் பற்றிச் சொல்லும்போது நான் சாலமோனின் ஆலயத்தில் தொடங்குவதில்லை. ஆபிரகாமில் தொடங்குவேன். அவர் கூடாரத்தில் குடியிருந்தவர், காணி இல்லாதவர். செக்கேமில் ஆண்டவர் தோன்றினார், அங்கே ஒரு பீடம். பெத்தேலுக்குக் கிழக்கே கூடாரம் அடித்தார், அங்கேயும் ஒன்று. போகிற வழியெல்லாம் பீடம், தனக்கென்று ஒரு வீடு மட்டும் இல்லை. சீனாய் மலையில் மோசேக்குக் கிடைத்த கட்டளையும் அப்படித்தான்: மண்ணால் பீடம் செய், கல்லால் செய்தால் செதுக்காத கல்லால் செய், உளி பட்டால் அது தீட்டு. இடம்பெயர்ந்து திரிந்த சனத்துக்கு இதை விளங்கப்படுத்த அதிகம் பாடுபட வேண்டியதில்லை. மன்னார்ப் பக்கத்து மடுக் கோயிலில் இருக்கும் மாதாவின் சொரூபமே அப்படி வந்ததுதானே. ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குத் தப்பி 1670 அளவில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய குடும்பங்கள் தூக்கிக்கொண்டு போன சொரூபம். 2008 ஏப்ரலில் அதே சொரூபம் மறுபடி மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போனது. எங்கள் மாதாவும் இடம்பெயர்ந்தவர் என்று அம்மம்மாக்கள் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம்.

இப்போது எங்களுக்குக் கோயில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் காசில் கட்டியது, கிரனைட் பீடம். ஆயர் வந்து அந்தக் கல்லின் நடுவிலும் நாலு மூலையிலும் கிறிஸ்மா என்ற அர்ச்சித்த வாசனை எண்ணெயை ஊற்றிக் கையால் தேய்த்தபோது கோயில் முழுக்க வாசம். நான் அழுதேன். பீடத்துக்குச் செலவழிப்பது வீண் என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பெத்தானியாவில் மரியா நறுமணத் தைலத்தை ஊற்றியபோது இயேசு தடுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. தாவீது அரவ்னாவின் களத்தில் பீடம் கட்டப் போனபோது, களமும் மாடும் விறகும் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றான் அரவ்னா. தாவீது மறுத்து 50 செக்கேல் வெள்ளி எண்ணிக் கொடுத்தார். செலவில்லாத பலியை என் கடவுளுக்குச் செலுத்தமாட்டேன் என்றார். எங்கள் கிரனைட்டுக்குப் பனியில் நின்று உழைத்தது கனடாவில் இருக்கும் பிள்ளை. அதற்கு முன்னால் நிற்கிற நான் என்ன கொடுத்தேன்? தறப்பாள் காலத்தில் ஒரு ஆச்சி நிவாரண அரிசியில் ஒரு சுண்டு அளந்து காணிக்கைக்குக் கொண்டு வருவார். அன்று பூசை முடிந்ததும் அது யாருடைய அடுப்புக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும், அவரே பெயர் சொல்லிக் கொடுப்பார்.

பீடத்தைப் பற்றி ஆண்டவர் சொன்னதிலே எனக்கு மிகக் கடினமானது மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வா. தபசுகாலத்து முதல் வாரம் வெள்ளிக்கிழமை இந்த வாசகம் வரும். ஒரு முறை அன்று பூசையில், வாசகம் முடிந்து காணிக்கை நேரத்தில், எங்கள் பங்கு மனிதர் ஒருவர் எழும்பி வெளியே போனார். சுகமில்லையாக்கும் என்று நினைத்தோம். அவர் போனது பக்கத்து வளவுக்காரரின் படலைக்கு. இரண்டு பேருக்கும் எல்லை வேலியில் இரண்டு முழ நிலத்துக்குச் சண்டை. இடம்பெயர்வில் வேலிக் கதியாலும் போய், இரண்டு பேரின் காணிப் பெர்மிட் பத்திரமும் தொலைந்த பிறகு யார் எதை நிரூபிப்பது? அவர் படலையில் நின்றபடியே, உங்கள் தாயைப் பற்றி நான் சொன்ன வார்த்தை பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். நிலத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அந்த வழக்கு அதற்குப் பிறகும் மத்தியஸ்த சபையில் நடந்தது. ஆனால் அவருடைய மாமியார் செத்தபோது முற்றத்தில் பந்தல் போட்டவர்கள் அந்த வளவுக்காரரின் பெடியன்கள். அவர்கள் சைவ சமயத்தவர்.

இதனால்தான் சமாரியப் பெண்ணின் கதையை எங்கள் பிள்ளைகளுக்கு விட்டுவிடாமல் படிப்பிக்கிறேன். கடவுளை வழிபட வேண்டிய இடம் இந்த மலையா எருசலேமா என்று அவள் கேட்டாள். தந்தையை ஆவியிலும் உண்மையிலும் வழிபடுகிறவர்களையே அவர் தேடுகிறார் என்று இயேசு பதில் சொன்னார். ‘உண்மையில்’ என்பதை எங்கள் மண்ணில் எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசித்தால் எனக்குக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றல்தான் ஞாபகம் வரும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று அங்கேதான் போராட்டத்தைத் தொடங்கினார்கள். செபமாலை வைத்திருந்த அம்மாவும் திருநீறு பூசிய அம்மாவும் பிள்ளைகளின் படங்களோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். என் பிள்ளை எங்கே என்ற ஒரே கேள்வியைக் கடவுளிடமும் கேட்டார்கள், அரசாங்கத்திடமும் கேட்டார்கள். பொய்யான ஆறுதலை வாங்கிக்கொள்ள மறுத்தார்கள். அதை நான் வழிபாடு என்றே சொல்வேன்.

பூசை முடிந்து நேரே அங்கே போய் இருந்தவர்கள் எங்கள் பங்கிலும் உண்டு. அவர்களில் ஒருவரை வரும் ஞாயிறு வகுப்புக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யோவான் நான்காம் அதிகாரத்தைப் பிள்ளைகள் வாசித்த பிறகு அவர் பேசுவார். பெற்றோரும் வரலாம்.